பன்னீர் ரோஜாவைத் தின்னும் பூச்சி

ஏப்ரல் 6

செடிக்கு எந்த மருந்தை என்றைக்கு அடித்தோம் என்பது மறந்துபோகிறது. அதற்காகத்தான் இந்த டைரி. ரோஜாவைப் பற்றி மட்டும் எழுதுவது. வீட்டுக் கதை இதில் வராது.

சிவப்பு ரோஜா, இரண்டு தொட்டியிலும் அசுவினி. மொட்டுக்குக் கீழே பச்சையாக அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சுகிறது. பின்னாலேயே எறும்பு வந்துவிட்டது, அசுவினியின் தித்திப்புக் கழிவை நக்க. ஒருத்தர் கழிவில் இன்னொருத்தர் பிழைப்பு. முப்பது வருஷம் அரசு ஆஸ்பத்திரி லேபில் மலமும் சளியும் பார்த்தவளுக்கு இதெல்லாம் புதிதில்லை. சோப்புத் தண்ணீர் அடித்தேன்.

மஞ்சள் ரோஜா சுத்தம். கொல்லைப்புறம் குழாயடியில் இருக்கும் பன்னீர் ரோஜாவும் சுத்தம், நிறைய மொட்டு.

மருமகள் மேகலா இன்றைக்கும் ஸ்கூட்டரை எடுக்கவில்லை. என் மகன் தினகரன் காரில் கொண்டுபோய் அவள் ஆபீசில் விட்டான். ஸ்கூட்டருக்கு என்ன கேடு என்று கேட்டேன். "பெட்ரோல் விக்கற விலைக்கு ரெண்டு பேரும் ஒண்ணாவே போயிடறோம்மா" என்றான். கார் என்ன பச்சைத் தண்ணீரிலா ஓடுகிறது? கல்யாணம் ஆனால் மூளை மழுங்கும் போலிருக்கிறது.

ஏப்ரல் 9

அசுவினி பாதிதான் செத்தது. வேப்பெண்ணெய் கலந்து அடித்தேன். வாடைக்கு மேகலா மாடி ஜன்னலைப் படாரென்று சாத்தினாள். மகாராணி மூக்கு.

அசுவினி முட்டை இடுவதில்லை, நேராகக் குட்டி போடுகிறது. ஆண் துணைகூட வேண்டாம். பிறக்கிற குட்டி தன் வயிற்றில் அடுத்த குட்டியோடு பிறக்கிறது. ராத்திரி சாப்பாட்டின்போது இதைச் சொன்னேன். தினகரன் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தான். மேகலா பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டாள். இந்த வீட்டில் ஒரு நல்ல விஷயத்தைப் பேச ஆள் கிடையாது.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். மேகலா வடையைத் தொடவில்லை. பச்சடிக் கிண்ணத்தை மட்டும் வழித்துத் தின்றாள்.

எதிர்வீட்டு வசந்தகோகிலம் பாயசம் வாங்க வந்தவள், மேகலாவை மேலும் கீழும் பார்த்து, "ஏங்க்கா, வீட்டுல ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டாள். மேகலா எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். "இருந்தா உனக்குச் சொல்லாமலா இருப்பேன்?" என்றேன்.

அது உண்மைதான். முன்பு இரண்டு தடவையும் தெருவில் முதலில் தெரிந்தது அவளுக்குத்தான். நானே வீட்டில் டெஸ்ட் செய்து பார்த்தேன். இரண்டு கோடும் தெரிந்த அன்றைக்கே கேசரி கிண்டித் தெரு முழுக்கக் கொடுத்தேன். நல்ல சேதியைச் சொல்வது குற்றமா? இரண்டு தடவையும் மூன்றாம் மாசம் தாண்டவில்லை. அதற்கு நான் என்ன செய்வேன்? கேசரி தின்றவர்கள் எல்லாம் வரிசையாக வந்து துக்கம் விசாரித்தார்கள். "இவ வயித்துல எதுவும் தங்காது போல" என்று என் நாத்தனார் கூடத்தில் உட்கார்ந்து சொன்னது மேகலா காதில் விழுந்தது. சொன்னது நாத்தனார். நான் இல்லை.

லேபில் ரிசல்ட்டை வாயால் சொல்லக் கூடாது. கவரில் போட்டு ஒட்டி டாக்டருக்கு அனுப்ப வேண்டும். நோயாளி எவ்வளவு கெஞ்சினாலும் "டாக்டர்கிட்ட கேளுங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அது ஆஸ்பத்திரி விதி. வீட்டுக்கு என்ன விதி?

செடியைப் பற்றி: அசுவினி குறைந்திருக்கிறது.

ஏப்ரல் 21

பன்னீர் ரோஜாவில் முதல் பூ நேற்று மலர்ந்தது. இன்று காலை பார்த்தால் பாதி இதழ் இல்லை. காற்றில் உதிர்ந்திருந்தால் கீழே கிடக்க வேண்டும். கீழேயும் இல்லை.

ஏப்ரல் 23

இரண்டாவது பூவும் அதே மாதிரி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இலையில் ஓட்டை இல்லை. மொட்டைத் துளைக்கவில்லை, ஆகவே புழு இல்லை. எச்சம் இல்லை. பூவை வெள்ளைத் தாளில் தட்டிப் பார்த்தேன். இலைப்பேனாக இருந்தால் கீறல் மாதிரி பொடிப்பொடியாகத் தாளில் ஓடும். ஒன்றும் ஓடவில்லை. இதழை மட்டும் அடியோடு எடுத்துத் தின்கிறது ஏதோ ஒன்று.

சிவப்பு, மஞ்சள் பக்கம் போகவே இல்லை. பன்னீர் ரோஜா மட்டும்தான்.

ஏப்ரல் 26

ஒரு துப்புக் கிடைத்தது. இதழின் அடியில் வெள்ளையாக ஒரு முனை இருக்குமே, அது மட்டும் குழாயடி சிமெண்டில் ஐந்தாறு கிடந்தது. அந்த முனை கசக்கும். குல்கந்து போடுகிறவர்கள்கூட அதைக் கிள்ளிப் போட்டுவிட்டுத்தான் போடுவார்கள். இந்தப் பூச்சிக்கும் ருசி தெரிகிறது. கசப்பை ஒதுக்கிவிட்டுத் தித்திப்பை மட்டும் தின்கிறது. இப்படி ஒரு ஜந்துவை நான் கேள்விப்பட்டதே இல்லை.

வெட்டின ஓரத்தைப் பார்த்தேன். பிறை மாதிரி சுத்தமான வெட்டு. வலுவான தாடை உள்ள வண்டாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தச் செடியில் யாரும் கை வைக்கக் கூடாது என்று கல்யாணமாகி வந்த புதிதிலேயே மேகலாவிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் மனுஷர்கள் மேல் சந்தேகம் இல்லை.

மே 2

சாயங்காலம் நல்ல மழை. முதல் மழைக்குப் பிறகு மண்ணுக்குள்ளிருந்து பழுப்பு வண்டு கிளம்பி வந்து பூவைத் தின்னும். இதுதான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்குச் செடிக்குப் பக்கத்தில் ஒரு பல்பைத் தொங்கவிட்டு, அடியில் வாளியில் சோப்புத் தண்ணீர் வைத்தேன். வெளிச்சத்துக்கு வரும் வண்டு வாளியில் விழுந்து சாகும்.

மே 3

வாளியில் ஈசல், இரண்டு அந்துப்பூச்சி. வண்டு ஒன்றுகூட இல்லை. இதழ் மட்டும் போய்விட்டது. என்ன திமிர் பாருங்கள்.

மே 8

சிவப்பு, மஞ்சள் ரோஜாத் தொட்டி மண்ணைக் கொட்டிச் சலித்தேன், வேர்ப்புழு இருக்கிறதா என்று. இல்லை. குழாயடி மண்ணையும் கொத்திப் பார்த்தேன். இடுப்பு போனதுதான் மிச்சம்.

தண்ணீர்க் கேன் வந்தது. மேகலாவைத் தூக்கி வைக்கச் சொன்னேன். மாடியிலிருந்து தினகரன் தடதடவென்று ஓடிவந்து அவனே தூக்கினான். பெண்டாட்டி ஒரு கேன் தூக்கினால் தேய்ந்துபோவாளா? கடுகு தாளிக்கும்போது அடுப்படிப் பக்கம் வருவதில்லை. காபியை நிறுத்திவிட்டாள். பழக்கடைக்காரன் இவனைப் பார்த்தால் எழுந்து நின்று கும்பிடுகிறான், அவ்வளவு மாதுளை வருகிறது வீட்டுக்கு. சம்பாதிக்கிறான், கொடுக்கிறான், எனக்கென்ன.

பூச்சியைப் பற்றி அவனிடம் சொல்லிப் புலம்பினேன். "பூசணிக்காய் போன இடம் தெரியாது, கடுகு போன இடத்தை ஆராய்றியாம்மா" என்றான். எதற்குச் சிரித்தான் என்று தெரியவில்லை. மேகலா அவன் முழங்கையைக் கிள்ளினாள்.

மே 12

போதும் என்று ஆகிவிட்டது. பஸ் ஏறி டவுனுக்குப் போய் மருந்துக்கடை முனிரத்தினத்தைப் பார்த்தேன். ஓசூரைச் சுற்றி இருக்கிற ரோஜாத் தோட்டங்களில் பாதிக்கு அவர்தான் மருந்து கொடுக்கிறவர். அறிகுறி எல்லாம் சொன்னேன்.

"வெள்ளை முனைய கிள்ளிப் போட்டுட்டுத் திங்குதா?" என்று கேட்டார். "நானும் இருபது வருஷமா கடை வெச்சிருக்கேன், அந்த மாதிரி நாகரிகமான பூச்சிய பார்த்ததில்லம்மா."

"கிண்டல் வேண்டாம். மருந்து குடுங்க."

கடும் விஷத்துக்கு அடையாளமாக மஞ்சள் முக்கோணம் போட்ட பாட்டில் ஒன்றை எடுத்தார். "இது செடிக்குள்ளயே ஓடும். இலை, மொட்டு, பூ எல்லாத்துலயும் ஏறிக்கும். எது வந்து கடிச்சாலும் காலி. மாலை கட்டற பூவுக்குப் பரவால்ல. வாயில வெக்கற பூவுக்கு மட்டும் ஆகாதும்மா."

"ரோஜாவ யாரு வாயில வெக்கப் போறாங்க?" என்று சொல்லிவிட்டு வாங்கி வந்தேன்.

தினகரனும் மேகலாவும் அவன் நண்பன் வீட்டு வரவேற்புக்குப் போயிருந்தார்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கையுறை போட்டுக்கொண்டு, பன்னீர் ரோஜாவைக் குளிப்பாட்டினேன். இலைக்கு அடியில், பூவுக்கு உள்ளே, ஓர் இடம் பாக்கி இல்லை. அவர்கள் இன்னும் வரவில்லை. நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

மே 13

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விடிந்ததும் பூதக்கண்ணாடி, இடுக்கி, சின்ன பாட்டில் எல்லாம் எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனேன், செத்த பூச்சியைப் பொறுக்க. கதவைத் திறந்தால் செடியருகே மேகலா நின்றுகொண்டிருந்தாள். நைட்டி, கலைந்த தலை, ஒரு கை குழாயைப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் ஒரு பன்னீர் இதழ். வெள்ளை முனையை நகத்தால் கிள்ளிக் கீழே போட்டாள். மீதியை வாயில் வைத்தாள்.

"துப்புடீ!"

கையிலிருந்ததெல்லாம் கீழே விழுந்தது. ஓடிப்போய் அவள் தாடையைப் பிடித்து வாய்க்குள் விரலை விட்டு இதழை வெளியே இழுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"ரெண்டு இதழுக்கா அத்தை இப்படி?" என்றாள். கண் கலங்கிவிட்டது. "உங்க செடி எனக்கு வேண்டாம். நீங்களே வெச்சுக்குங்க."

"மருந்து அடிச்சிருக்கேன். நேத்து சாயங்காலம். முழுங்காதே, கொப்புளி. எத்தனை தின்னே? சொல்லு!"

அவள் அழவில்லை. குழாயடியில் அப்படியே உட்கார்ந்து இரண்டு கையையும் அடிவயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

அதற்கு மேல் எனக்கு டெஸ்ட் எதுவும் தேவைப்படவில்லை. மாங்காய், ஸ்கூட்டர், தண்ணீர்க் கேன், கடுகு, மாதுளை. எத்தனை ஆயிரம் பெண்களுக்கு டெஸ்ட் பார்த்து எழுதின கை இது. என் வீட்டு மாடியில் இருந்ததை நான் பார்க்கவில்லை. அசுவினியைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"ஒண்ணு முழுங்கிட்டேன்" என்றாள்.

"எத்தனை மாசம்?"

"நாலு நடக்குது."

கொப்புளிக்க வைத்தேன். முகம், கை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவினேன். அவசரத்தில் பாதி சோப்பு அவள் கண்ணில் போனது. மருந்து பாட்டிலை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டேன், டாக்டர் கேட்டால் பெயர் தெரிய வேண்டும். தினகரன் சட்டையை மாற்றாமல் காரை எடுத்தான்.

கார் கொஞ்ச தூரம் போனதும் நான்தான் ஆரம்பித்தேன். "இதழ் வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"காலையில எந்திரிச்சதும் குமட்டுது அத்தை. பன்னீர் இதழ் மென்னா அடங்கும்னு எங்கம்மா சொன்னாங்க. உங்ககிட்ட கேட்டா எதுக்குன்னு கேப்பீங்க."

கேட்டிருப்பேன்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது என் முந்தானையைப் பிடித்தாள். குழந்தைக்கு என்ன ஆகும் என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். "அத்தை, என்ன ஆனாலும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. இந்தத் தடவை ஏதாவது ஆச்சுன்னா யாரும் வந்து விசாரிக்க வேண்டாம்" என்றாள்.

டாக்டரம்மா பாட்டிலை வாங்கிப் படித்தார். ஒரு இதழ்தான், உடனே வாயைக் கழுவியிருக்கிறீர்கள், பயப்படுகிற அளவு இருக்காது, ஆனாலும் சாயங்காலம் வரை இங்கேயே இருக்கட்டும் என்றார். ரத்தம் எடுத்தார்கள். எடுத்த பெண் சின்னப் பெண். கை சுத்தம், ஊசி ஒரே தடவையில் போனது. "எப்படிம்மா இருக்கு ரிசல்ட்?" என்று அவள் பின்னாலேயே போய்க் கேட்டேன். கவரை ஒட்டிக்கொண்டே, "டாக்டர்கிட்ட கேளுங்கம்மா" என்றாள்.

மத்தியானம் ஸ்கேன் எடுத்தார்கள். துடிப்பு இருக்கிறது. மூன்று வாரம் கழித்துப் பெரிய ஸ்கேன் எப்படியும் எடுக்க வேண்டும், அப்போது முழுசாகப் பார்த்துவிடலாம் என்று அனுப்பினார்கள்.

என் மகனும் என்னிடம் சொல்லவில்லை. அது வலிக்கிறது. காரணம் தெரிந்ததால் கூடுதலாக வலிக்கிறது.

மே 14

பன்னீர் ரோஜாவை வேரோடு தோண்டி எடுத்தேன். பூவெல்லாம் நன்றாகத்தான் பூத்திருந்தது. யார் கையிலும் படாதபடி கட்டி அப்புறப்படுத்தினேன்.

மேகலா இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

மே 15

மூன்று இட்லி.

மே 17

மேகலா தினகரனோடு கீழே உட்கார்ந்து டிவி பார்க்கிறாள். நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. நான் தூரமாக உட்கார்ந்து மாதுளை உரித்தேன். உரித்த கிண்ணத்தை ஸ்டூலில் வைத்துவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்தபோது கிண்ணம் காலி.

சிவப்பு ரோஜாவில் மாவுப்பூச்சி. பஞ்சால் துடைத்து எடுத்தேன். மருந்து அடிக்கவில்லை.

மே 20

நாத்தனார் போன் செய்தாள். அரைமணி நேரம். வெயில், மழை, அவள் முழங்கால் வலி எல்லாம் பேசினேன். போனை வைக்கும்போது, "உன் மருமகளுக்கு ஒண்ணும் இல்லையா இன்னும்?" என்றாள். "பருப்பு அடுப்புல இருக்கு" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பருப்பு இல்லை. உடனே போய்ப் பருப்பை வேகப்போட்டேன்.

மே 24

மேகலாவுக்குக் காலையில் குமட்டல் இன்னும் நிற்கவில்லை. சத்தம் கீழே வரைக்கும் கேட்கிறது. முனிரத்தினம் கடைக்குப் போனேன். மருந்து அடிக்காத பன்னீர் ரோஜா எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டார். சும்மா என்றேன்.

"எங்க வீட்டுல இருக்கும்மா. என் செடிக்கு நான் எதையும் அடிக்கறதில்ல" என்றார். ஊருக்கெல்லாம் மருந்து விற்கிறவர்! இருந்தாலும் நல்ல மனுஷர். பூவும் கொடுத்து, தொட்டியோடு ஒரு கன்றையும் கொடுத்தார்.

இதழை வெள்ளை முனை கிள்ளி, கழுவி, ஒரு டப்பாவில் போட்டு மாடிப்படியில் வைத்தேன்.

மே 25

டப்பா படியிலேயே இருந்தது. தொடவில்லை. நியாயம்தான். என் கையால் கொடுத்த இதழை அவள் எதை நம்பித் தின்பாள்?

மே 26

காலையில் மேகலா இறங்கி வரும் சமயம் பார்த்துக் குழாயடியில் நின்றேன். முனிரத்தினம் கொடுத்த கன்றில் இருந்த பூவிலிருந்து ஒரு இதழைப் பிய்த்து அவள் பார்க்க நான் தின்றேன். முனையோடு தின்றுவிட்டேன், கசந்தது. முகத்தைச் சுளித்தேன் போல.

"முனைய கிள்ளணும் அத்தை" என்றாள்.

அடுத்ததைக் கிள்ளிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

ஜூன் 1

பெரிய ஸ்கேன் ஜூன் 3. வசந்தகோகிலம் நேற்றும் இன்றும் வந்தாள், உறை ஊற்றத் தயிர் கேட்டு. அவள் வீட்டில் தயிர் இல்லாத நாளே கிடையாது. வாசலிலேயே தயிரைக் கொடுத்து அனுப்பினேன். வேறு எதுவும் எழுத வரவில்லை. பயமாக இருக்கிறது.

ஜூன் 3

ஸ்கேன் அறைக்குள் நான் போகவில்லை. வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, "மகளா, மருமகளா?" என்று கேட்டார். "மருமகள்" என்றேன். "எத்தனை மாசம்?" என்றார். "டாக்டர்கிட்ட கேளுங்க" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கதவு திறந்தது. தினகரன் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான். மேகலா ஒட்டின கவரை என் மடியில் வைத்தாள். "நீங்களே பிரிச்சுப் படிங்க அத்தை. உங்களுக்குத்தான் புரியும்."

படித்தேன். தலை, முதுகெலும்பு, இதயத்தின் நான்கு அறை, கை, கால். எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. இரண்டாம் தடவை படித்தேன். எழுத்து மங்கிவிட்டது, மூன்றாம் தடவை படிக்க முடியவில்லை. மறுபடி கவரில் போட்டு மூடி அவளிடமே கொடுத்தேன்.

ஜூன் 11

காலையில் புதுச் செடியில் அசுவினி. மொட்டுக் காம்பில் பச்சையாக வந்து உட்கார்ந்திருக்கிறது. எங்கிருந்துதான் வருமோ. விரலால் வழித்துத் தண்ணீரில் கழுவினேன். அதுதான் இனி இந்தச் செடிக்கு வைத்தியம்.

மாடியில் மேகலா ஜன்னலோரம் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். வசந்தகோகிலம் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்று அவளை அண்ணாந்து பார்த்தாள். "மருமக முகமே பளபளன்னு மாறிப்போச்சே. உண்மைய சொல்லுக்கா, வீட்டுல ஏதாவது விசேஷமா?"

நாக்கு துருதுருவென்றது. இந்தத் தெரு முழுக்கக் கேட்கக் கத்த வேண்டும் போல இருந்தது. கேசரிக்கு ரவைகூட வீட்டில் இருக்கிறது. மாடி ஜன்னலில் சீப்பு நின்றுபோனது எனக்குத் தெரிந்தது.

"விசேஷம்தான்" என்றேன். "உள்ள வா, காட்டறேன்."

அவள் ஓடி வந்தாள். குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய், பூதக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்து, காம்பைப் பிடித்துக் காட்டினேன். "பார்த்தியா? அசுவினி. புதுச் செடியிலயும் வந்துடுச்சு. இதுதான் தாய். அந்தத் துளியூண்டு இருக்கே, அது குட்டி. முட்டையே போடாது தெரியுமா?"

அவள் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிப் போய்விட்டாள்.

மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மேகலா இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. நான் அண்ணாந்து பார்க்கவில்லை. செடியில் அசுவினி இருந்தது. தப்பான ரிசல்ட் நான் யாருக்கும் கொடுத்ததில்லை.